நண்பகல் நிழலிலிருந்து தொடங்கிய பயிற்சி: கன்னியாகுமரி மாவட்ட அறிவியல், கணித ஆசிரியர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி எப்போது வகுப்பறைக்குள் நுழைகிறது, எப்போது நுழையாமல் நின்றுவிடுகிறது என்பதை ஒரு குழுவின் ஓராண்டு அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர், ஒரு கல்வியாண்டு முழுவதும், யாருடைய ஆணையும் இன்றித் தங்கள் விருப்பத்தின் பேரில் கூடிப் படித்தார்கள். கடற்கரைப் பள்ளி, வயல்சூழ்ந்த தோவாளைப் பகுதிப் பள்ளி, திருவட்டாறுக்கு மேலே மலையடிவாரப் பள்ளி என வெவ்வேறு நிலப்பகுதிகளிலிருந்து அவர்கள் வந்தார்கள். கூட்டங்களில் கருத்தாளராகவும் வகுப்புகளில் பார்வையாளராகவும் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆசிரியர்களின் பெயர்களையும் பள்ளிகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். ஆசிரியர்களின் பாடக்குறிப்புகள், மாணவர்கள் எழுதிய தாள்கள், வகுப்பைப் பார்த்தவர்கள் எடுத்த குறிப்புகள் ஆகியவையே இதற்கு அடிப்படை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது படிப்பவருக்கு உதவும். ஆசிரியர் ஒரு பாடத்தைத் தன் கையால் செய்து பார்த்து, வகுப்பில் நடத்தி, நடந்ததை எடுத்துக்கொண்டு அதே குழுவிடம் திரும்பி வரும் வாய்ப்பு இருந்தால்தான் பயிற்சி பயன் தருகிறது. அந்தக் குழுவில் அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதை இந்த நிகழ்வு எனக்கு உறுதியாகக் காட்டியது.

பயிற்சி வந்து சேரும் வழி

கன்னியாகுமரி பரப்பில் சிறிய மாவட்டம். 9 ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டுடன் இணைவதற்கு முன்பே, திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில், மிஷன் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் இங்கே வேரூன்றிவிட்டன. இன்றும் அரசு உதவிபெறும் பள்ளிகள் இங்கு மிகுதி. இஸ்ரோவின் தலைவர் பொறுப்புக்கு வந்த கே. சிவனும் வி. நாராயணனும் இம்மாவட்டத்துக் கிராமங்களில் பிறந்தவர்கள் என்பதைப் பெற்றோர் பெருமையோடு சொல்வதைப் பள்ளி விழாக்களில் கேட்கலாம். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் வீட்டிலேயே மதிப்பு இருக்கும் ஊர் இது. அந்த மதிப்பு பெரும்பாலும் மதிப்பெண்ணாகவே கணக்கிடப்படுகிறது என்பதும் உண்மை.

பயிற்சிக்கான அமைப்புகளுக்குக் குறைவில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஏற்படுத்தப்பட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இம்மாவட்டத்துக்குத் தேரூரில் இருக்கிறது. வட்டார வள மையங்களும் அவற்றில் ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். 2018-19, 2019-20 ஆகிய இரு கல்வியாண்டுகளில் தமிழ்நாட்டின் பாடநூல்கள் முற்றிலும் புதிதாக வந்தபோது, பயிற்சி இல்லாமல் அவற்றைக் கையாண்டிருக்க முடியாது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் மூலம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களிடம் எளிய சோதனைகள் நேரடியாகச் சென்று சேர்ந்திருக்கின்றன. இவை எல்லாம் மதிக்கத்தக்க முயற்சிகள்.

சிக்கல் பயிற்சி கைமாறும் முறையில் இருக்கிறது. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாக மாவட்ட அளவில், பிறகு வட்டார அளவில் என்று படிப்படியாக இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நேரம் சுருங்குகிறது. மேல்படியில் கையால் செய்யப்பட்ட சோதனை, நடுப்படியில் திரையில் காட்டப்படும் படமாகி, கடைசிப் படியில் வாய்ச்சொல்லாகிவிடும் நிலை பல ஆசிரியர்களுக்குத் தெரிந்ததே. கணிதத்துக்கு ஒரு நாள், அறிவியலுக்கு வேறொரு நாள் என்று பிரித்து நடத்துவதால், ஒரே பள்ளியில் ஒரே வகுப்புக்குக் கற்பிக்கும் இருவர் பயிற்சியில் சந்திப்பதே இல்லை. பயிற்சி முடிந்து வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்க எவரும் திரும்பி வருவதுமில்லை. குழுவினர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தங்களுக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது என்றுதான் சொன்னார்கள்.

முதல் கூட்டமும் அதில் எழுந்த கேள்வியும்

ஜூலை இறுதியில் ஒரு சனிக்கிழமை, தோவாளை வட்டாரத்தில் ஒரு பள்ளியில் முதல் கூட்டம் நடந்தது. விரிவுரைக்குப் பதிலாக ஒரு கேள்வியோடு தொடங்குவது என்று தீர்மானித்திருந்தோம். பெயர் எழுதாத தாளில் ஒவ்வொருவரும் இரண்டு விடைகள் எழுத வேண்டும். இன்று இந்த முற்றத்தில் நட்ட கோலின் நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரம் எது? அப்போது அது எந்தத் திசையில் விழும்?

பெரும்பாலான தாள்களில் நேரம் 12 மணி என்றிருந்தது. திசையைப் பற்றி இரண்டு வகை விடைகள் வந்தன. ஒரு சாரார், உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருப்பதால் நிழலே விழாது என்று எழுதினர். மற்றொரு சாரார், நாம் வட அரைக்கோளத்தில் இருப்பதால் நிழல் வடக்கே விழும் என்று எழுதினர். இந்த இரண்டாவது விடை பாடநூல் அறிவிலிருந்து வந்தது. டெல்லிக்கு அது ஆண்டு முழுவதும் பொருந்தும். நாகர்கோவிலுக்கு ஜூலையில் பொருந்தாது.

காரணம் எளியது, ஆனால் வகுப்பறையில் அரிதாகவே பேசப்படுவது. நாகர்கோவில் ஏறத்தாழ 8 டிகிரி 11 நிமிட வட அட்சத்தில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து அத்தனை கோண அளவு வடக்கே இருக்கிறது. சூரியனோ ஜூன் 21-ஐ ஒட்டி வடக்கே 23.4 டிகிரி வரை சென்று திரும்புகிறது. ஏப்ரல் 11-ஐ ஒட்டிய நாளிலிருந்து செப்டம்பர் 1-ஐ ஒட்டிய நாள் வரை, நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. நேரமும் அப்படித்தான். இந்திய நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாகர்கோவில் அதற்கு 5 டிகிரி மேற்கே இருப்பதால், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், சூரியன் இங்கே உச்சியைக் கடக்க 20 நிமிடம் பிந்துகிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து இதைச் சில நிமிடங்கள் கூட்டியும் குறைத்தும் தருகின்றன. நவம்பர் தொடக்கத்தில் 12 மணி 4 நிமிட அளவிலும், பிப்ரவரி நடுவில் 12 மணி 34 நிமிட அளவிலும் உச்சி வருகிறது. ஆண்டின் எந்த நாளிலும் இந்த ஊரில் கடிகாரத்தின் 12 மணியும் சூரியனின் உச்சியும் ஒன்றாக வருவதில்லை.

இந்த விளக்கத்தை அன்று காலையில் யாரும் சொல்லவில்லை. விடைத்தாள்களைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லோரும் முற்றத்துக்குப் போனோம்.

முற்றத்தில் நடந்தவை

ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கில் கோல், கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு, வெள்ளைத் தாள், அளவுகோல், கைக்கடிகாரம் ஆகியவையே கருவிகள். கோல் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டால் இரு பக்கங்களிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று கணித ஆசிரியை ஒருவர் வலியுறுத்தினார். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது என்பதை அறிவியல் ஆசிரியர்கள் முதலில் ஏற்கவில்லை. கோல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் நிழல் 1.7 செ.மீ. வேறுபடும் என்பதை அவர் தரையில் வரைந்து காட்டிய பிறகே ஏற்றார்கள்.

12 மணிக்கு நிழல் குறுகியிருந்தது, ஆனால் இன்னும் குறுகிக்கொண்டே இருந்தது. 12.10-க்கும் அப்படித்தான். 12.27-ஐ ஒட்டி மிகக் குறுகி, ஏறத்தாழ 19 செ.மீ. அளவில் தெற்கே கிடந்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்த குழு அந்த நேரத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர், வடக்கு வாசல் வைத்த தன் தாய்வீட்டில் ஆனி, ஆடி மாதங்களில் வெயில் திண்ணைக்குள் விழும் என்றும், அதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருந்தும் பாடத்தோடு சேர்த்து நினைத்ததில்லை என்றும் சொன்னார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவரிடம் பட்டறிவும் இருந்தது, பாட அறிவும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் ஒரு வேலை அதுவரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

அடுத்த வேலை கோணம். பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு டேன்ஜென்ட் (நிழலுக்கும் கோலுக்கும் உள்ள விகிதத்திலிருந்து கோணத்தைத் தரும் முக்கோணவியல் அளவு) போதும். ஏழாம் வகுப்பு மாணவருக்கு அது தெரியாது. அங்கே கணித ஆசிரியைகள் முன்னே வந்தார்கள். கோலை 10 செ.மீ. கோடாகவும் நிழலை 1.9 செ.மீ. கோடாகவும் தாளில் வரைந்து, முனைகளை இணைத்து, கோணமானியால் அளந்தால் 11 டிகிரி வருகிறது. விகிதத்தைப் படித்த எந்த மாணவரும் இதைச் செய்யலாம். அறிவியல் ஆசிரியர்கள் அந்த 11-உடன் ஊரின் அட்சமான 8-ஐக் கூட்டி, சூரியன் அன்று 19 டிகிரி வடக்கே இருக்கிறது என்று சொன்னார்கள். எந்தத் தரப்பும் தனியாக இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி அளந்தால் நிழல் வடக்கே 14 செ.மீ. விழும், அதன் கோணமே ஊரின் அட்சம் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னபோது கூட்டத்தில் எழுந்த மகிழ்ச்சியை எந்தப் பயிற்சியிலும் நான் பார்த்ததில்லை.

சங்கப் பாட்டு ஒன்றில், ஞாயிறு எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்து, திசை அறிந்து, அரண்மனைக்குக் கயிறிட்ட செய்தி வருகிறது என்று அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செய்தி பின்னர் பல வகுப்புகளில் பயன்பட்டது.

வகுப்பில் முதல் முறை, இரண்டாம் முறை

முற்றத்து அனுபவத்தை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது என்பதை முதல் வகுப்பே காட்டியது. கடற்கரைப் பகுதிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஓர் அறிவியல் ஆசிரியை பாடம் நடத்தினார். குழுவினர் சிலர் பின்வரிசையில் இருந்தார்கள். பார்ப்பவர்கள் ஆசிரியரைக் கவனிக்காமல், ஆளுக்கு நான்கைந்து மாணவர்களை மட்டும் கவனித்து, அவர்கள் பேசியதையும் செய்ததையும் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கும் பாட ஆய்வு முறையிலிருந்து இதை எடுத்துக்கொண்டோம்.

ஆசிரியை உள்ளூர் உச்சிநேரம், அட்சம், சூரியனின் வடசெலவு ஆகியவற்றைத் தெளிவாக விளக்கிவிட்டு மாணவர்களை வெளியே அழைத்துச் சென்றார். விளக்கத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் பார்வையாளர்களின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப ஒன்று பதிவாகியிருந்தது: மாணவர்கள் அளந்தது தங்களுக்காக அல்ல, ஆசிரியை சொன்ன எண்ணைக் கொண்டுவருவதற்காக. 12.20-க்கு முன்பே சில குழுக்கள் அளவை முடித்துவிட்டு, சொல்லப்பட்ட நேரத்தை எதிரே எழுதிக்கொண்டன. அளக்காமலேயே விடை தெரிந்துவிட்ட சோதனையில் அளவீடு அலங்காரமாகிவிடுகிறது.

அன்று மாலையே நடந்த பேச்சில் ஆசிரியையை யாரும் குறை சொல்லவில்லை. குறிப்புகளை வாசித்தார்கள், அவ்வளவுதான். பாடத்தை எங்கே திருப்ப வேண்டும் என்பதை அவரே சொன்னார். மாணவர்களின் ஊகத்தை முதலில் எழுதி வாங்க வேண்டும், விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டும், இடையில் ஆசிரியர் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும்.

இரண்டாம் முறை அதே பாடத்தை மலையடிவாரப் பள்ளியில் மற்றொருவர் நடத்தினார். ஆகஸ்ட் இறுதி. இம்மாவட்டத்தின் வடக்கு எல்லைக்கு அருகே ஆகஸ்ட் 31-ஐ ஒட்டியும் குமரிமுனையில் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சியில் வரும். நாளொன்றுக்கு அது மூன்றில் ஒரு டிகிரிக்குச் சற்றே கூடுதலாகத் தெற்கே நகர்வதால், நிழலில்லா நண்பகல் மாவட்டத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாளே எடுத்துக்கொள்கிறது. மாணவர்கள் 12 மணிக்கு நிழல் இருக்காது என்று எழுதியிருந்தார்கள். 12 மணிக்கு நிழல் மேற்கே 9 செ.மீ. நீளத்தில் கிடந்தது. “சார், மணி தப்பு” என்றான் ஒரு மாணவன். “நிழலுக்கு மணி தெரியாது, நம்ம கோலுதான் சாஞ்சிருக்கு” என்று தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போனாள் இன்னொருத்தி. கோல் நேராக இருந்தது. 12.21-க்கு நிழல் கோலின் அடியில் ஒடுங்கியது. கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் ஏன் 20 நிமிட வேறுபாடு என்ற கேள்வி அப்போது மாணவர்களிடமிருந்து வந்தது. ஆசிரியர் நிலப்படத்தை விரித்தார்.

பாடப்பொருளை நன்கு அறிந்திருப்பது வேறு, அதை இந்த வயது மாணவர் எங்கே தவறாகப் புரிந்துகொள்வார் என்று அறிந்திருப்பது வேறு என்பதையும், இந்த இரண்டாவது அறிவு ஆசிரியத் தொழிலுக்கே உரியது என்பதையும் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் வற்புறுத்தினார். அது நூலகத்தில் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஒரே பாடம் இரண்டு வகுப்புகளில் இரண்டு விதமாக நடப்பதைப் பார்த்தவர்களிடம் அது சேர்வதை இந்தக் குழுவில் கண்டேன். மணி தப்பு என்று மாணவர் சொல்வார், அதற்கு இடம் விட வேண்டும் என்பதை அடுத்த பாடக்குறிப்பில் ஓர் ஆசிரியர் எழுதி வைத்திருந்தார்.

நாற்பது கிலோமீட்டர் போதவில்லை

குமரிமுனைக்கு அருகிலும் பேச்சிப்பாறைப் பக்கத்திலும் ஒரே நாளில் நிழலை அளந்து, கோண வேறுபாட்டிலிருந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம் என்று உற்சாகத்தில் ஒரு திட்டம் எழுந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியா, சையீன் ஆகிய இரு நகரங்களையும் வைத்துப் பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் செய்த அதே கணக்கு. முடிவுகள் நாளுக்கு நாள் வெவ்வேறாக வந்தன. சில நாள்களில் வேறுபாடு எதிர்த்திசையில் வந்தது.

இந்தத் தோல்விதான் ஆண்டின் மிகச் சிறந்த கூட்டத்தைத் தந்தது என்பது என் எண்ணம். இரண்டு இடங்களுக்கும் வடக்கு-தெற்காக ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளி. அது மூன்றில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். ஒரு மீட்டர் கோலில் அது ஆறேழு மில்லிமீட்டர் வேறுபாடு மட்டுமே. ஆனால் சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டாகத் தெரிவதால், நிழலின் நுனியில் 9 மி.மீ. அளவுக்கு ஒரு மங்கல் பட்டை விழுகிறது. அளக்க வேண்டியதை விட மங்கல் பெரியது. ஒரு மாணவர் மங்கலின் உட்பக்க விளிம்பைக் குறித்தார், மற்றவர் வெளிப்பக்க விளிம்பைக் குறித்தார். இருவரும் கவனமாகவே அளந்தார்கள்.

இதற்குப் பின் வந்த தீர்வுகள் ஆசிரியர்களிடமிருந்தே வந்தன. கோலின் தலையில் சிறு துளையிட்ட அட்டையை வைத்தால் நிழலின் நடுவில் சூரியனின் வட்டப் பிம்பம் விழும், அதன் மையத்தைக் குறிக்கலாம் என்றார் ஓர் இயற்பியல் ஆசிரியர். பல குழுக்களின் அளவுகளை வரிசைப்படுத்தி இடைநிலை அளவை எடுக்கலாம் என்றார் ஒரு கணித ஆசிரியை. சராசரி, இடைநிலை அளவு, முகடு ஆகியவை தேர்வுக்கான கணக்குகளாகவே இருந்த வகுப்பில், எதை எப்போது எடுப்பது என்ற கேள்வி முதன்முறையாக உயிர்பெற்றது.

பொங்கலுக்குப் பின் வானம் தெளிந்தபோது, குழுவில் ஒருவரின் நண்பரான சென்னை ஆசிரியர் உதவினார். ஜனவரி பிற்பகுதியில் குமரியில் நிழல் 54 செ.மீ. அளவிலும் சென்னையில் 66 செ.மீ. அளவிலும் விழும். கோண வேறுபாடு 5 டிகிரி. இப்போது மங்கல் பெரிய தடையில்லை. அரை டிகிரி பிழை வந்தாலும் விடை பத்தில் ஒரு பங்குதான் விலகும். ஒரு வகுப்பில் மாணவர்கள் சென்னைக்கான சாலைத் தூரமான 700 கி.மீ.-ஐப் போட்டு, 5 டிகிரி முழு வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு என்பதால் அதை 72-ஆல் பெருக்கி, சுற்றளவை 50,400 கி.மீ. என்று கண்டார்கள். பாடநூலிலோ ஏறத்தாழ 40,000. ஆசிரியை விடையைத் திருத்தாமல் நிலப்படத்தைக் கொடுத்தார். சாலை மதுரை, திருச்சி வழியாக வடகிழக்காக வளைந்து செல்வதை அவர்களே பார்த்து, நேர் வடக்குத் தூரமான 555 கி.மீ.-ஐ அளவுத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

ரப்பர் பால்

ஒரு பாடத்தில் கற்ற முறை வேறு பாடத்துக்குத் தானாக நகருமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. திருவட்டாறுப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அமிலம், காரம் பற்றிய பாடத்துக்கு ரப்பர் பாலை எடுத்துக்கொண்டார். அவருடைய மாணவர்களில் பலரின் வீடுகளில் பால்வெட்டு நடக்கிறது. ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் உறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த ஆசிட் பார்மிக் அமிலம் என்பதோ, பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களின் மின்சுமையை அமிலம் குறைப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்பதோ தெரியாது. பார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும் என்பதால் வகுப்பில் வினிகரும் எலுமிச்சைச் சாறும் பயன்படுத்தினார்.

இரண்டு குப்பிகளில் பால் உறைந்தது. மூன்றாவது குப்பியில் அசையவே இல்லை. ஆசிரியர் விளக்க முற்படாமல் காத்திருந்தார். அந்தப் பாலைக் கொண்டுவந்த மாணவி, தன் வீட்டில் பாலை உறையவைத்து ஷீட் (தகடு) அடிக்காமல் அப்படியே விற்பதாகவும், கெடாமலிருக்க அமோனியா சேர்ப்பதாகவும் சொன்னாள். காரம் சேர்ந்த பாலுக்குக் கூடுதல் அமிலம் வேண்டும் என்ற முடிவுக்கு வகுப்பு தானே வந்தது. கணித ஆசிரியர் அடுத்த பாடவேளையில், பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதத்தை வைத்து வியாபாரி விலை போடும் கணக்கை எடுத்தார். இது பெரும்பாலும் 30 முதல் 40 வரை இருக்கும். சில மாணவர்கள் வீட்டுச் சீட்டுகளைக் கொண்டுவந்தார்கள்.

நேரம், மழை, பதிவேடு

தடைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு முழுமையாகாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் நிழலை நம்பிப் பாடம் திட்டமிட முடியாது. உச்சிநேரம் மதிய உணவு இடைவேளையோடு மோதும். சில பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் பாடவேளையை மாற்றிக்கொடுத்தார்கள். சிலவற்றில் முடியவில்லை.

அதைவிடப் பெரிய தடை, ஓர் ஆசிரியர் மற்றொருவரின் வகுப்பைப் பார்க்க வருவதற்கு விதியில் எளிய இடம் இல்லாதது. தன் வகுப்புகளை வேறொருவரிடம் ஒப்படைத்து, பேருந்து பிடித்து வந்து, பிற்பகல் திரும்ப வேண்டும். ஓராசிரியரே ஒரு பாடத்துக்கு இருக்கும் நடுநிலைப் பள்ளிகளில் இது ஏறக்குறைய இயலாது. அவர்களுக்காகச் சில வகுப்புகளைக் கைப்பேசியில் பதிவு செய்து சனிக்கிழமை பார்த்தோம். ஆனால் மாணவர்களின் மெல்லிய பேச்சு பதிவில் கேட்கவில்லை, அதுதானே தேவைப்பட்டது. சிறு குழந்தைகள் உள்ள ஆசிரியைகளுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் பெரும் சுமை. பாதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் அவர்களே. விருப்பத்தின் பேரிலான குழு என்பதைப் பெருமையாகச் சொல்லும்போது, அந்த விருப்பத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் டிசம்பருக்குப் பின் வரவில்லை. பொதுத்தேர்வு அவர்களை இழுத்துக்கொண்டது. அதில் எனக்கு வியப்பில்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்து கற்பதை முறையாக்கியதோடு, ஆசிரியர்களின் மாதாந்திரக் கூட்டங்களையும் பள்ளிகளுக்கு நேரில் சென்று உடனிருப்பதையும் திட்டத்தின் உறுப்பாகவே வைத்திருந்தது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் நடந்தது. அங்கே மாதாந்திரக் கூட்டம் பணியின் பகுதியாகவே கருதப்பட்டது. நம்மிடம் குறுவள மையக் கூட்டங்கள், அதாவது அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் கூட்டங்கள் என்ற ஏற்பாடு கையில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை, அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடத்தை எடுத்து, இரண்டு பள்ளிகளில் நடத்திப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் மாணவர் தாள்களோடு வந்து பேசுவதற்கு ஒதுக்கினால், புதிய அமைப்போ பெரும் நிதியோ தேவையில்லை. வகுப்பைப் பார்க்கச் செல்லும் அரை நாளைப் பணிநாளாகக் கொள்ளும் ஓர் ஆணை போதும். பயிற்சியின் பதிவேட்டில் வருகைக் கையொப்பத்தோடு, ஆசிரியர் திருத்தி எழுதிய பாடக்குறிப்பும் இடம்பெற வேண்டும் என்றும் பரிந்துரைப்பேன்.

அடுத்த ஆண்டுக்கு

எல்லா ஆசிரியர்களும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் நிழல் பாடத்தை நன்றாக நடத்திவிட்டு மற்றப் பாடங்களைப் பழையபடியே நடத்துகிறார்கள். மாற்றம் தெளிவாகத் தெரிந்தது ஆசிரியர்களின் கேள்விகளில். ஆண்டின் தொடக்கத்தில் இதை எப்படி விளக்குவது என்று கேட்டவர்கள், ஆண்டின் முடிவில் இதற்கு மாணவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டார்கள்.

அடுத்த ஆண்டுக்குக் குழு எடுத்துக்கொண்டிருப்பது பத்தாம் வகுப்பின் ஏற்றக்கோணம், அதாவது உயரத்தில் உள்ளதை நோக்கும் பார்வைக்கும் கிடைக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம். 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, 38 அடி பீடமும் 95 அடி உருவமுமாக 133 அடி உயரம் கொண்டது என்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எண். தெரிந்த விடையை அளக்கச் சொன்னால் மீண்டும் அளவீடு அலங்காரமாகிவிடும் என்பதால், கேள்வியை மாற்றியிருக்கிறார்கள். சிலை நிற்கும் பாறைக்கும் கரைக்கும் உள்ள தூரத்தைப் படகில் போகாமல் கரையிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். உயரம் தெரியும், கோணத்தை அளக்கலாம், ஆனால் பாறையின் உயரமும் அளப்பவரின் கண்மட்டமும் கணக்கில் சேர வேண்டும். அட்டையும் கோணமானியும் நூலும் கொண்டு செய்யும் சாய்வுமானியில் ஒரு டிகிரிக்குக் கீழே படிக்க இயலாது. அந்தத் தொலைவில் ஒரு டிகிரி எத்தனை மீட்டர் பிழையாகும் என்பதை ஆசிரியர்கள் இப்போது கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிழை மிகுதியாக இருந்தால், கரையில் ஒரு நீண்ட அளவுக்கோட்டை இட்டு அதன் இரு முனைகளிலிருந்தும் சிலையை நோக்கும் முறைக்கு மாற வேண்டியிருக்கும். அந்தக் கோட்டை எங்கே இடுவது என்று பார்ப்பதற்காக மே மாத விடுமுறையில் ஒரு காலையில், கூட்டம் சேர்வதற்கு முன், நாடாவோடு கரைக்குப் போவதாகத் திட்டம்.